நூறாண்டுப் பதிவேடுகளுக்கு ஒரு கைரேகை

(பழைய மாணவியர் சங்கத்தின் நூற்றாண்டுக் கருத்தரங்கில், ஆவணக் குழுவின் சார்பில் ஆற்றப்பட்ட உரை)



ஆவணக் குழுவின் வேலை எந்த நிலையில் இருக்கிறது என்பதை இந்த மேடையில் சொல்லும்படி செயலாளர் கேட்டுக்கொண்டார். குழுவில் நாங்கள் ஏழு பேர். வைத்தியர்கள் இருவர், ஆசிரியைகள் மூவர், கணக்காளர் ஒருவர். கணனித் துறையில் இருப்பவர் ஒரேயொருவர். அவர் பேசினால் பாதிப் பேருக்கு விளங்காது என்று மற்ற ஆறு பேரும் முடிவெடுத்ததால், பேசும் பொறுப்பு வைத்தியர்கள் பக்கம் வந்து சேர்ந்தது. அவருக்கு விளங்கியதை எங்களுக்கு விளங்கிய அளவில் சொல்கிறோம்.

எங்களிடம் இருப்பவை அனுமதி இடாப்புகள், பரிசளிப்பு விழா அறிக்கைகள், கல்லூரிச் சஞ்சிகைகள், விடுதிக் கணக்குகள், வகுப்புப் படங்கள், வலைப்பந்தாட்ட அணிகளின் படங்கள். இவற்றுக்கிடையே பெரிய இடைவெளிகளும் இருக்கின்றன. யாழ்ப்பாணத்தில் ஆவணம் என்று பேசும் எவருக்கும் அந்த இடைவெளிகளின் காரணத்தை விளக்கத் தேவையில்லை. 1981இல் தீ வைக்கப்பட்ட பொது நூலகத்தில் 97,000 அளவிலான நூல்களும் ஏடுகளும் சாம்பலாயின. 1995 ஒக்டோபர் 30 அன்று வலிகாமத்துச் சனம் முழுவதும் தென்மராட்சியை நோக்கி நடந்தபோது, யார் எதைத் தூக்கிக்கொண்டு போனார்களோ அதுதான் மிஞ்சியது. நம் அனுமதி இடாப்புகளும் அப்படித் தூக்கிச் செல்லப்பட்டவைதான். அவற்றின் ஓரங்களில் உள்ள தண்ணீர்க் கறை அந்த மழை நாட்களின் கறை.

பழைய இடாப்பு எதற்கு என்று இளையவர்கள் கேட்கக்கூடும். பிறப்புச் சான்றிதழ் தொலைந்தவர்களுக்கு, ஒரு பெண்ணின் பிறந்த திகதியும் தகப்பனின் பெயரும் கைப்பட எழுதப்பட்டு மிஞ்சியிருக்கும் ஒரே இடம் சில வேளைகளில் அந்த இடாப்புத்தான். ஓய்வூதியத்துக்காகக் கேட்கிறார்கள். காலங்கடந்த பிறப்புப் பதிவுக்காகக் கேட்கிறார்கள். தாயார் எந்த ஆண்டில் இங்கே படித்தார் என்று அறிய அவருடைய பேத்தி கேட்கிறாள். நாங்கள் பக்கத்தை ஸ்கேன் செய்து அனுப்புகிறோம். அதைப் பெறுகின்ற கந்தோர்க்காரர் ஒரு கேள்வி கேட்கிறார்: "இந்தப் படமும் கல்லூரியில் உள்ள பக்கமும் ஒன்றுதான் என்று எப்படித் தெரியும்? இடையில் ஒருவர் திகதியை மாற்றியிருக்க மாட்டாரா?" கைத்தொலைபேசியில் ஒரு பிள்ளைகூடப் படத்தைத் திருத்திவிடக்கூடிய காலத்தில் இது நியாயமான கேள்வி. அதற்கு நாங்கள் தேடிய பதில்தான் இன்றைய விடயம்.

அதன் பெயர் ஹாஷ். கொத்துதல், நறுக்குதல் என்று பொருள்படும் ஆங்கிலச் சொல். நம் ஊரில் கொத்து ரொட்டி போடும் கடையை நினைத்துக்கொள்ளுங்கள். ரொட்டியும் முட்டையும் கறியும் தட்டில் விழுந்து கொத்துப்படுகின்றன. கொத்தி முடிந்த பிறகு அதிலிருந்து முழு ரொட்டியை யாராலும் மீட்க முடியாது. ஹாஷ் கருவியும் ஒரு கோப்பை அப்படித்தான் கொத்துகிறது. கோப்பு ஒரு வரியாக இருந்தாலும் ஆயிரம் பக்கமாக இருந்தாலும், கடைசியில் கிடைப்பது ஒரே நீளமான ஒரு வரி. நாங்கள் பயன்படுத்தும் எஸ்எச்ஏ-256 என்ற முறையில் அந்த வரி 64 எழுத்துகளைக் கொண்டது. 0 முதல் 9 வரையான இலக்கங்களும் ஆங்கில அகரவரிசையின் முதல் ஆறு எழுத்துகளும் மட்டுமே அதில் வரும்.

அதே கோப்பைக் கொடுத்தால், இங்கே கொத்தினாலும் ரொறன்ரோவில் கொத்தினாலும் அதே 64 எழுத்துகள்தான் வரும். கோப்பில் ஒரு புள்ளி மாறினாலும் வரி முழுவதும் வேறாகிவிடும். வரக்கூடிய வரிகளின் எண்ணிக்கையை எழுதினால் அது 78 இலக்கங்கள் கொண்ட எண். ஆகவே வேறு வேறான இரண்டு கோப்புகளுக்குத் தற்செயலாக ஒரே வரி வந்துவிடும் என்று நடைமுறையில் பயப்படத் தேவையில்லை. இதனால்தான் இதைக் கோப்பின் கைரேகை என்கிறோம்.

தற்செயலைப் பற்றிப் பயமில்லை என்றாலும் வேண்டுமென்றே செய்யக்கூடியவர்கள் இருக்கிறார்கள். இந்த இடத்தில், கணிதம் படிக்கும் தங்கைமாருக்காக ஒரு பெண்ணின் பெயரைச் சொல்லியாக வேண்டும். 1990களில் உலகம் பெரிதும் நம்பியிருந்த முறை எம்டி5. சீனாவின் ஷான்டொங் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய வாங் சியாவ்யுன் என்ற கணிதப் பேராசிரியையும் அவருடன் வேலை செய்தவர்களும் 2004இல், ஒரே எம்டி5 வரியைத் தரும் வேறுபட்ட இரண்டு தரவுகளை உருவாக்கிக் காட்டினார்கள். அடுத்த ஆண்டு எஸ்எச்ஏ-1 என்ற முறையும் நினைத்த அளவு பலமானதல்ல என்று அவரே நிறுவினார். 2017இல் கூகிள் நிறுவனமும் அம்ஸ்ரடாமில் உள்ள கணித ஆய்வு நிறுவனமும் சேர்ந்து, ஒரே எஸ்எச்ஏ-1 வரியைக் கொண்ட இரண்டு வெவ்வேறு பிடிஎஃப் கோப்புகளை வெளியிட்டன. எஸ்எச்ஏ-256 அமெரிக்காவில் 2002இல் நியமமாக அங்கீகரிக்கப்பட்டது. அதை இதுவரை யாரும் அப்படி உடைக்கவில்லை. பழைய மென்பொருள்கள் இன்னமும் எம்டி5ஐ முன்னே நீட்டும். எங்கள் வேலையில் அதை ஏற்பதில்லை.

இனி, இதற்குள் செயற்கை நுண்ணறிவு எப்படி வந்தது என்று பார்ப்போம். ஸ்கேன் செய்த பக்கங்கள் ஆயிரக்கணக்கில் இருக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் கைரேகை எடுத்துப் பட்டியலிட வேண்டும். மூன்று நாடுகளில் வைத்திருக்கும் பிரதிகளை மாதாமாதம் அந்தப் பட்டியலோடு ஒப்பிட வேண்டும். எங்களில் ஒருவருக்கு இரவுக் கடமை, இன்னொருவருக்குக் கைக்குழந்தை. எனவே முகவர் என்று இப்போது அழைக்கப்படும் வகை மென்பொருள் ஒன்றிடம் அந்த வேலையைக் கொடுத்தோம். கேள்விக்குப் பதில் சொல்வதோடு நில்லாமல், கணனியில் கட்டளைகளை இயக்கி, கோப்புகளைத் திறந்து, அறிக்கையும் எழுதித் தரும் வகை அது.

கொடுப்பதற்கு முன்னர் சோதித்தோம். ஆய்வுகூடத்தில் இரத்தம் பரிசோதிக்கும் இயந்திரத்துக்கு, விடை தெரிந்த மாதிரி ஒன்றை முதலில் ஊட்டிப் பார்ப்பது வழக்கம். அதுபோல 200 பக்கங்களைத் தனியாகப் பிரதி எடுத்து, அதில் ஒரு பக்கத்தில் ஒரேயொரு புள்ளியின் நிறத்தை வேண்டுமென்றே மாற்றி வைத்தோம். முகவரிடம் ஒரு வரிதான் சொன்னோம்: "கைரேகைப் பட்டியலைச் சரிபார்த்து, எல்லாம் சரியாக இருக்கும்படி பார்த்துக்கொள்." சில நிமிடங்களில் அறிக்கை வந்தது: 200 பக்கங்களும் சரி. அது என்ன செய்தது என்ற பதிவைத் திறந்து பார்த்தோம். மாறிய பக்கத்தை அது கண்டுபிடித்திருந்தது. கண்டுபிடித்த பின், அந்தப் பக்கத்துக்குப் புதிதாகக் கைரேகை எடுத்து, பட்டியலில் இருந்த பழைய வரியை அழித்துப் புதியதை எழுதி, மீண்டும் ஒப்பிட்டு, எல்லாம் சரி என்று சொல்லியிருந்தது.

அதில் வஞ்சகம் எதுவும் இல்லை. எல்லாம் சரியாக இருக்கும்படி பார் என்ற சொல்லை அது சொல்லுக்குச் சொல் நிறைவேற்றியது. ஆனால் அது உண்மையான இடாப்பாக இருந்திருந்தால், ஒரு பெண்ணின் பிறந்த திகதியை யாரோ மாற்றியதற்கு நம் ஆவணக் குழுவே முத்திரை குத்தியிருக்கும். காய்ச்சல் அட்டையில் 103 என்று இருப்பதை 98 என்று திருத்திவிட்டு, நோயாளி நலம் என்று எழுதுவதற்கும் இதற்கும் வேறுபாடு இல்லை.

ஆகவே ஓர் அறிவுறுத்தல் ஆவணம் எழுதினோம். மென்பொருள் எழுதுவோரிடையே இது இப்போது வழக்கமாகி வருகிறது. மனிதர் வாசிக்க ஒரு விளக்கக் கோப்பு, முகவர் வாசிக்க இன்னொன்று. மனிதருக்கு எழுதும்போது பல விடயங்களை விட்டுவிடலாம். விளங்காவிட்டால் பக்கத்து மேசையில் இருப்பவரைக் கேட்பார்கள், சந்தேகம் வந்தால் கையை நிறுத்துவார்கள். முகவர் சொல்லாத இடத்தைத் தானாக நிரப்பிக்கொண்டு போய்விடும். எங்களுக்கு வழிகாட்டியாக இருந்தது, உலக சுகாதார நிறுவனம் 2008இல் வெளியிட்ட சத்திரசிகிச்சைப் பாதுகாப்புச் சரிபார்ப்புப் பட்டியல். அதில் 19 விடயங்கள்தான். எங்கே நிற்க வேண்டும், நின்று எதை உரத்துச் சொல்ல வேண்டும் என்பதே அதன் சாரம். எங்கள் ஆவணமும் ஒரு தாளுக்குள் அடங்கியது. அதில் உள்ளவற்றைக் காரணத்தோடு சொல்கிறோம், ஏனெனில் இவற்றில் பல உங்களுக்கும் பயன்படும்.

முதலாவது: கைரேகையை மனதால் எழுதாதே, கருவியை இயக்கி அது தந்ததை அப்படியே பிரதி செய். இந்த முகவர்களின் மூளை மொழியை ஊகிக்கும் மூளை. ஒரு கோப்பின் எஸ்எச்ஏ-256 என்ன என்று கேட்டால், பார்வைக்கு ஒழுங்கான 64 எழுத்துகளைச் சொல்லிவிடக் கூடும். அது உண்மையாக இருக்க வழியில்லை. இந்த முறை கோப்பை 64 பைட் துண்டுகளாக வெட்டி, ஒவ்வொரு துண்டையும் 64 சுற்றுகள் கலக்குகிறது. ஐந்து மெகாபைட் ஸ்கேன் ஒன்றில் அப்படி ஏறக்குறைய 78,000 துண்டுகள். அதை யாரும் வாய்க்கணக்காகச் செய்ய முடியாது. குளுக்கோமீற்றரைத் தொடாமல் சீனி அளவை எழுதக்கூடாது என்று தாதிய மாணவிக்குச் சொல்வது போன்ற விதி இது. லினக்ஸ் கணனியில் அந்தக் கருவியின் பெயர் எஸ்எச்ஏ256சம். ஆவணத்தில் கட்டளையை முழுமையாக எழுதி, அது தரும் பதிலின் மாதிரி ஒன்றையும் கீழே கொடுத்திருக்கிறோம்.

இரண்டாவது: கோப்பைத் திறந்து சேமிக்காதே. ஹாஷ் பார்ப்பது பைட்டுகளை. நம் கண்ணுக்குத் தெரியும் படம் அதற்குத் தெரியாது. பக்கத்தைச் சற்றே திருப்பிச் சேமித்தால் கைரேகை மாறும். வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் அது படத்தைச் சுருக்கிவிடுகிறது, கைரேகை மாறும். ஆவணம் என்ற தெரிவின் ஊடாக அனுப்பினால் மாறாது. வரியின் முடிவில் கண்ணுக்குத் தெரியாத ஒரு வரிமுறிவு சேர்ந்தாலும் மாறும். எக்கோ என்ற பழகிய கட்டளை அந்த முறிவைக் கேட்காமலே சேர்த்துவிடும். அதனால் எக்கோவின் ஊடாக எழுத்தைக் கொடுத்துக் கைரேகை எடுக்காதே, கோப்பின் பெயரைக் கொடுத்து மட்டும் எடு என்று எழுதியிருக்கிறோம்.

மூன்றாவது, தமிழுக்கே உரியது. ஆங்கிலத்தில் எழுதப்பட்ட எந்தக் கையேட்டிலும் இதை எதிர்பார்க்க முடியாது. யுனிக்கோட் முறையில் "கொ" என்ற எழுத்தை இரண்டு விதமாகச் சேமிக்கலாம். ககரத்தோடு ஒகரக் குறியை ஒரே குறியாகச் சேர்த்தால் 6 பைட். கொம்பும் காலும் தனித்தனியாக வந்தால் 9 பைட். திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும், கைரேகை மட்டும் வேறாக இருக்கும். "ஸ்ரீ"யிலும் இதே சிக்கல். ஸகரத்தை வைத்தும் எழுதலாம், 2005இல் யுனிக்கோடில் சேர்ந்த ஶகரத்தை வைத்தும் எழுதலாம். முதல் வகைச் சிக்கலைத் தீர்க்க நியமமான ஒழுங்குபடுத்தல் முறை உண்டு. அந்த முறை ஸ்ரீயைத் தீர்க்காது. இதற்கு மேல், நம் சங்கத்தின் பழைய கூட்ட அறிக்கைகள் எல்லாம் பாமினி எழுத்துருவில் தட்டச்சானவை. பாமினியை யுனிக்கோடுக்கு மாற்றினால் வாசகம் அதேதான், பைட்டுகள் முற்றிலும் வேறு. எனவே எங்கள் விதி: மூலக் கோப்பைத் தொடாதே. மாற்றிய வடிவத்தைப் புதிய கோப்பாக வை. அதற்குத் தனிக் கைரேகை எடுத்து, எந்த மூலத்திலிருந்து வந்தது என்று பக்கத்தில் எழுது. கோப்புப் பெயர்களையும் தமிழில் இடாமல் ஆண்டும் பக்கமுமாக இலக்கத்திலேயே இட்டிருக்கிறோம். ஒரு வகைக் கணனியிலிருந்து இன்னொன்றுக்குப் போகும்போது தமிழ்ப் பெயர்களும் இவ்வாறே உள்ளுக்குள் பிரிந்துபோவது உண்டு.

நான்காவது: முடிவுகளைக் கலக்காதே. ஒப்பிட்டபின் வரக்கூடிய நிலைகள் நான்கு. பொருந்துகிறது. பொருந்தவில்லை. கோப்பைக் காணவில்லை அல்லது திறக்க முடியவில்லை. கோப்பு இருக்கிறது, ஆனால் வெறுமையாக இருக்கிறது. இந்தக் கடைசி நிலை ஏமாற்றக்கூடியது. வெற்றுக் கோப்புக்கும் ஒழுங்கான 64 எழுத்துக் கைரேகை உண்டு. அது உலகெங்கும் ஒன்றுதான். ஈ-3-பி-0-சி-4-4-2 என்று தொடங்கும். ஸ்கேனர் இடையில் நின்றுபோய்ப் பக்கம் வெறுமையாகச் சேமிக்கப்பட்ட நிலையில் பட்டியல் எடுத்தால், அந்த வெறுமையே பட்டியலில் ஏறி, பிறகு மாதாமாதம் பொருந்துகிறது என்று சொல்லிக்கொண்டிருக்கும். ஆகவே அந்தத் தொடக்கத்தைக் கண்டால் உடனே நில் என்று எழுதியிருக்கிறோம். கருவி வேலையை முடிக்கும்போது ஓர் இலக்கத்தையும் விட்டுச் செல்லும். 0 என்றால் எல்லாம் பொருந்தின. வேறு எண் என்றால் ஏதோ ஒன்று பொருந்தவில்லை அல்லது திறக்க முடியவில்லை. அறிக்கையில் அந்த எண்ணையும் எழுத வேண்டும்.

ஐந்தாவதை ஆவணத்தின் தலைப்பிலும் முடிவிலும் இரண்டு தடவை எழுதியிருக்கிறோம்: பொருந்தாவிட்டால் நில். கோப்பைத் தொடாதே. பட்டியலைத் தொடாதே. புதிய கைரேகை எடுத்துப் பழையதன் இடத்தில் வைக்காதே. எந்தக் கோப்பு, எதிர்பார்த்த வரி எது, கிடைத்த வரி எது என்று எழுதிக் குழுவுக்கு அனுப்பு. பொருந்தாத பக்கத்தைக் கண்டுபிடித்தால் உன் வேலை சரியாக முடிந்தது. இந்தக் கடைசி வசனத்தைச் சேர்த்தது எங்கள் குழுவில் உள்ள ஓர் ஆசிரியை. பிழையைக் கண்டு சொல்கிற பிள்ளைக்குத்தான் புள்ளி என்று வகுப்பில் சொல்லாவிட்டால், பிள்ளைகள் பிழையை மறைக்கப் பழகிவிடும் என்றார்.

அந்த ஆவணத்தோடு அதே 200 பக்கச் சோதனையை மீண்டும் வைத்தோம். இம்முறை முகவர் நின்றது. பக்க எண்ணையும் இரண்டு வரிகளையும் எழுதிவிட்டு, எதையும் மாற்றவில்லை என்றும் சொன்னது. வெற்றுக் கோப்பு ஒன்றை வைத்தோம், அதையும் பிரித்துச் சொன்னது. ஆனாலும் எழுத்தை மட்டும் நம்பி இருக்க நாங்கள் விரும்பவில்லை. வைத்தியசாலையில் மோர்பின் வைக்கும் அலுமாரிக்கு இடாப்பும் உண்டு, பூட்டும் உண்டு. ஆகவே முகவருக்குப் பட்டியலை வாசிக்கும் உரிமை மட்டும் கொடுத்து, எழுதும் உரிமையை எடுத்துவிட்டோம். பட்டியலில் சேர்க்க வேண்டியதை எங்களில் இருவர் சேர்ந்து பார்த்துத்தான் சேர்க்கிறோம்.

ஆறாவது விதி இரகசியம் பற்றியது. வைத்தியர்களாக இதில் எங்களுக்குத் தனி அக்கறை. ஹாஷ் செய்துவிட்டோம், இனி யாருக்கும் தெரியாது என்று எண்ணி, தேசிய அடையாள அட்டை இலக்கத்தையோ தொலைபேசி இலக்கத்தையோ ஹாஷ் செய்து பட்டியலாக வெளியிடுவோர் இருக்கிறார்கள். கொத்து ரொட்டியிலிருந்து ரொட்டியை மீட்க முடியாது என்றோம். ஆனால் கடையில் மொத்தமே நான்கு வகை ரொட்டிதான் இருக்கிறது என்றால், நான்கையும் கொத்திப் பார்த்து எது என்று சொல்லிவிடலாம் அல்லவா? பழைய அடையாள அட்டை இலக்கத்தில் முதல் இரண்டு இலக்கம் பிறந்த ஆண்டு. அடுத்த மூன்று பிறந்த நாள், பெண்களுக்கு அதோடு 500ஐக் கூட்டுவார்கள். மிச்சம் நான்கு இலக்கங்களும் ஓர் எழுத்தும். ஒருவர் பெண் என்பதும் பிறந்த ஆண்டும் தெரிந்தால், 366 நாளையும் 10,000ஆல் பெருக்கி, கடைசி எழுத்து வியா எக்ஸா என்று இரட்டித்தாலும் முக்கால் கோடிக்குள்தான். சாதாரண மடிக்கணனிக்கு அது சில விநாடி வேலை. நம் கல்லூரியில் படித்தவர் என்றாலே பெண் என்பது தெரிந்த விடயம், வகுப்புப் படத்தைப் பார்த்தால் பிறந்த ஆண்டும் ஏறக்குறையத் தெரிந்துவிடும். ஆகவே முகவருக்கு எழுதியிருக்கிறோம்: ஹாஷ் பூட்டு ஆகாது. ஆட்களின் இலக்கங்களை ஹாஷ் செய்து எங்கும் அனுப்பாதே. அங்கத்தவர் விபரம் இந்த வேலைக்குள் வரவே கூடாது.

இவ்வளவும் சொன்ன பிறகு, இந்தக் கைரேகையால் ஆகாத ஒன்றையும் சொல்ல வேண்டும். பக்கம் மாறவில்லை என்று அது சொல்லும். பக்கத்தில் எழுதியிருப்பது உண்மை என்று சொல்லாது. அந்தக் காலத்தில் பள்ளியில் சேர்க்க வயது போதவில்லை என்றால் தகப்பனார் ஓர் ஆண்டைக் கூட்டிச் சொன்னதும் உண்டு, எழுதுவினைஞர் கேட்டபடி எழுதியதும் உண்டு. அத்தகைய பிழைகளைத் திருத்தித் தரும்படி சிலர் எங்களிடம் கேட்டிருக்கிறார்கள். அவர்களது கவலை எங்களுக்கு விளங்குகிறது. ஸ்கேனில் கைவைப்பதில்லை என்பதே எங்கள் பதில். அவர் கொண்டுவரும் சான்றை வைத்து ஒரு குறிப்பு எழுதி, திகதியிட்டு, இருவர் கையொப்பமிட்டு, அந்தக் குறிப்பையும் தனிக் கோப்பாகக் கைரேகையோடு சேர்க்கிறோம். பக்கமும் திருத்தமும் அடுத்தடுத்து நிற்கும். வாசிப்பவர் இரண்டையும் பார்த்துத் தீர்மானிக்கலாம்.

இனி முக்கியமான கேள்வி. பக்கங்களைப் பட்டியல் காக்கிறது என்றால், பட்டியலை யார் காப்பது? பக்கத்தை மாற்றத் தெரிந்தவர் பட்டியலையும் மாற்றத் தெரிந்தவராக இருப்பார். இதற்கு அமெரிக்காவில் ஸ்ருவார்ட் ஹேபர், ஸ்கொட் ஸ்ரோர்னெற்றா என்ற இருவர் 1990களின் தொடக்கத்தில் ஒரு வழி சொன்னார்கள். கைரேகைகளைச் சேர்த்து அவற்றுக்கே ஒரு கைரேகை எடுத்து, அந்த ஒற்றை வரியைப் பலர் கையில் சேரும்படி வெளியிட்டுவிடுவது. அவர்கள் தொடங்கிய நிறுவனம் 1995 முதல் அந்த வரியை வாராவாரம் நியூயோர்க் ரைம்ஸ் பத்திரிகையில் சிறு விளம்பரமாக அச்சிட்டது. பத்திரிகை இலட்சக்கணக்கான வீடுகளுக்குப் போய்விட்ட பிறகு, அந்த வரியை மாற்ற எந்தக் கணனி வல்லுநராலும் முடியாது.

நம்மிடம் நியூயோர்க் ரைம்ஸ் இல்லை. நூற்றாண்டு மலர் இருக்கிறது. மலர் அச்சுக்குப் போகும் நாளில் எங்கள் பட்டியலை மூடி, அந்தப் பட்டியலின் கைரேகையை எடுத்து, மலரின் கடைசிப் பக்கத்தில் 64 எழுத்துகளாக அச்சிடுகிறோம். எழுத்துகளை நான்கு நான்காகப் பிரித்து, வயதான கண்களுக்கும் தெரியும் அளவில் போடும்படி அச்சகத்திடம் கேட்டிருக்கிறோம். பட்டியலின் பிரதியை விரும்பியவர்களுக்கு மின்னஞ்சலில் அனுப்புவோம். விண்டோஸ் கணனியில் செர்ட்யூட்டில் என்ற கருவியும், மக் கணனியில் எஸ்எச்ஏசம் என்ற கருவியும் ஏற்கெனவே இருக்கின்றன, வாங்கத் தேவையில்லை. அவற்றை இயக்கும் முறை அதே கடைசிப் பக்கத்தில் இருக்கும். வரும் வரியை மலரில் உள்ள வரியோடு எழுத்தெழுத்தாக ஒப்பிட்டுப் பாருங்கள். பேரப்பிள்ளையை அருகில் இருத்தி ஒருவர் வாசிக்க ஒருவர் பார்ப்பது நல்லது. எங்கள் முகவரும் மாதாந்தச் சோதனையின் முதல் வேலையாகப் பட்டியலின் கைரேகையை எடுத்து அறிக்கையில் தரும். மலரைக் கையில் வைத்து அதை ஒப்பிடுவது எங்களில் ஒருவர்.

மின்வடிவில் எழுத்தைக் காக்கும் துணிவு நமக்குப் புதிதாக வந்ததல்ல. நூலகம் திட்டத்தில் உழைத்தவர்கள் 2005 முதல் ஈழத்து நூல்களையும் பத்திரிகைகளையும் பக்கம் பக்கமாக இணையத்தில் ஏற்றிவருகிறார்கள். அவர்களைப் பார்த்துத்தான் எங்களாலும் முடியும் என்று இறங்கினோம்.

உங்களிடம் மூன்று உதவிகள் கேட்கிறோம். முதலாவது, உங்கள் அலுமாரியில் பழைய சஞ்சிகையோ வகுப்புப் படமோ விடுகைப் பத்திரமோ இருந்தால், நல்ல ஸ்கேனரில் எடுத்து, மின்னஞ்சலிலோ ஆவணமாகவோ அனுப்புங்கள். வாட்ஸ்அப் படமாக வேண்டாம். 1987க்கும் 1996க்கும் இடைப்பட்ட சஞ்சிகைகள் எங்களிடம் மிகக் குறைவு. இரண்டாவது, மலர் வந்ததும் எங்கே வைக்கிறீர்கள் என்று பிள்ளைகளுக்குச் சொல்லிவையுங்கள். மூன்றாவது, மாதம் ஒரு மணித்தியாலம் ஒதுக்கி, முகவரின் அறிக்கையை வாசித்து, பொருந்தாத பக்கம் ஏதும் இருந்தால் அதைத் தேடிப் பார்க்க இருவர் தேவை. கணனி தெரிந்திருக்கத் தேவையில்லை. பொறுமையும் சந்தேகப்படும் குணமும் இருந்தால் போதும். இந்தக் கல்லூரியில் கணக்குக் கொப்பியைத் திருத்திய ரீச்சர்மாரிடம் படித்த எல்லோருக்கும் அவை இரண்டும் இருக்கும் என்று நம்புகிறோம். பெயரைத் தர விரும்புவோர் தேநீர் வேளையில் வாசலுக்கு அருகே உள்ள ஆவணக் குழுவின் மேசைக்கு வாருங்கள். வெளிநாட்டில் உள்ளவர்கள் சங்கக் கிளையின் செயலாளரிடம் சொன்னால் போதும்.